வாங்க வரலாம், விற்க வரக்கூடாது

கடை அவனுடையது, அதற்குள் யாரை விடுவது, யாரை வாசலோடு நிறுத்துவது என்பது அவன் இஷ்டம் என்று ஒரு வாதம் உண்டு. பாமர மக்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்குக் கடை என்றால் நாலு பேர் வந்து போகிற இடம், அவ்வளவுதான். படித்தவர்கள், அதிலும் உலக வியாபாரத்தின் நெளிவு சுளிவெல்லாம் தமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். மிகவும் நிதானமாக, சிறு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற தோரணையில் சொல்கிறார்கள். எனக்கு அந்த நிதானம் கைவராது. ஆகவே கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் சொல்லும் கடை கடைத்தெருவில் இருக்கும் கடை அல்ல. கைபேசிக்குள்ளே இருக்கிறதே, அந்த உலகச் சந்தை. எந்த மூலையில் இருப்பவரும் வந்து கடை விரிக்கலாம் என்று அது விளம்பரம் செய்கிறது. நம்பிப் போனால், பெயர் கேட்கிறது, விலாசம் கேட்கிறது, வங்கிக் கணக்கு கேட்கிறது, போட்டோ கேட்கிறது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில், 'தங்கள் தேசத்தில் இந்த வசதி இல்லை' என்று ஒரே வரியில் கதவைச் சாத்துகிறது. ஏன் இல்லை? சொல்வதில்லை. யாரிடம் போய்க் கேட்பது? அதையும் சொல்வதில்லை. இதே சந்தை, நாம் பொருள் வாங்கப் போனால் தேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதை மட்டும் இப்போதே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைப் பார்த்துத் தடை போடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. எங்கள் பேராவூரணி தஞ்சாவூர் ஜில்லாவின் தெற்கு ஓரம். புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயின் கடைமடை. கொஞ்ச தூரம் மேற்கே தெற்கே போனால் ஜில்லாவே மாறிவிடும். அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினால் அது புதுக்கோட்டை. 1974-ல் புதுக்கோட்டை ஜில்லா பிறக்கும் வரையில் அறந்தாங்கியும் தஞ்சாவூர்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். ஒரே கோயில் திருவிழாவுக்கு இரண்டு பக்கத்து ஜனங்களும் வருவார்கள். ஆனால் நெல்லுக்கு மட்டும் அந்த எல்லை ஒரு காலத்தில் சமுத்திரமாக இருந்தது.

நெல்லுக்கு விதித்த கட்டுப்பாடுகளின் கதை நீளமானது. 1952-ல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1957-ல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கையும் சேர்த்துத் தென் மண்டலம் என்று ஒன்று ஏற்பட்டது. அந்த நான்குக்குள் அரிசி தாராளமாகப் போய்வரலாம். 1964-ல் அதுவும் கலைந்தது. பிறகு, 1982-ம் வருஷத்து நெல் நடமாட்டக் கட்டுப்பாட்டு உத்தரவு என்று ஒன்று தமிழ்நாட்டில் வந்தது. அதன்படி அன்றைய பெரிய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலுக்காக்களிலிருந்தும், முசிறி, குளித்தலை, லால்குடி தாலுக்காக்களிலிருந்தும் நெல் வெளியே போகக்கூடாது என்று அடியோடு தடை போட்டார்கள். நெல் விளைகிற பூமி முழுவதையும் சுற்றி வேலி கட்டியது போல.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அறந்தாங்கிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல் சீராக இரண்டு மூட்டை நெல் அனுப்ப வேண்டும். பகலில் பார் வண்டியில் போனால் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். ராத்திரி வரப்பு வழியாகத் தலைச்சுமையாகப் போகும். சீர் செய்கிற தகப்பன் திருடனைப் போல நடந்தான். அதே ராத்திரியில், பக்கத்து ரஸ்தாவில், நிஜமான கடத்தல்காரனுடைய லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ராஜ கம்பீரமாகப் போயிற்று என்பதுதான் அவர்களுடைய சிரிப்புக்குக் காரணம். தடை என்று ஒன்று வந்தால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு தரகனும் முளைத்துவிடுகிறான்.

அந்தத் தடையை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. 1985-ல் தீர்ப்பு வந்தது. கட்டுப்படுத்தும் அதிகாரத்துக்குள் தடை செய்யும் அதிகாரமும் அடக்கம். மழை பொய்த்துத் தானியம் குறைந்த காலத்தில், கொள்முதல் செய்து எல்லோருக்கும் பங்கிடுவதற்காகப் போட்ட தடை நியாயமானதுதான் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். விவசாயி தோற்றுப் போனான்.

தோற்றுப் போனான் என்றாலும், இன்றைக்கு நினைத்துப் பார்க்கும்போது அந்த நெல் தடையின் மேல் எனக்கு ஒரு மரியாதைகூட உண்டாகிறது. வேடிக்கையாக இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள். அந்த உத்தரவுக்கு ஒரு பெயர் இருந்தது, நம்பர் இருந்தது, கஸட்டில் அச்சாயிற்று. காரணம் எழுதியிருந்தது. தடை நெல்லுக்குத்தான், ஆளுக்கு அல்ல. தஞ்சாவூர்க்காரன் என்பதற்காக எவனையும் திருச்சிச் சந்தையில் துணி விற்காதே, மாடு விற்காதே என்று யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் என்று கேட்க ஒரு வாசல் இருந்தது. சர்க்கார் வக்கீல் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. பதில் பிடிக்கவில்லை என்றாலும் அது பதில்.

இப்போது இன்றைய தடையைப் பார்ப்போம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஒரு பெண் இருக்கிறாள். என்னுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவனுடைய மகள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜாப் புயல் அடித்ததே, அதில் அவர்கள் தோப்பு அநேகமாகப் படுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலை வேளையைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தென்னம்பிள்ளையை நட்டுவிட்டு அது காய்க்கிற வரைக்கும் குடும்பம் காத்திருக்க முடியுமா? அவள் கொட்டாங்கச்சியைக் கையில் எடுத்தாள். முதலில் அகப்பை. பிறகு கிண்ணம், விளக்குத் தட்டு, சட்டைப் பித்தான். நாரை நீவி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, தேங்காயெண்ணெய் போட்டு மெருகேற்றினால் கருங்காலி போல மின்னும். நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிண்ணத்துக்கு அரை நாள் பிடிக்கும். எங்கள் கடைத்தெருவில் அதற்கு அவள் கேட்கிற விலையை யார் கொடுப்பார்கள்? 'கொட்டாங்கச்சிக்கா இவ்வளவு?' என்பார்கள். வெளிநாட்டில் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டாள். வெளிநாட்டுச் சந்தை ஒன்றில் கடை வைக்கப் போனாள்.

முறைப்படிதான் போனாள். ஐந்நூறு ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கினாள். வருமான வரி எண் இருந்தது. வங்கிக் கணக்கு இருந்தது. போட்டோக்கள் அவளே எடுத்தாள். வாழையிலையின் மேல் கிண்ணத்தை வைத்து மிக அழகாக எடுத்திருந்தாள். கடைசியில் அந்த ஒரு வரிதான் வந்தது. அந்தச் சந்தையின் பெயரைச் சொல்லி அதற்கு இலவச விளம்பரம் கொடுக்க நான் விரும்பவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? அவளுடைய அத்தை மகன் சிங்கப்பூரில் வேலையாயிருக்கிறான். அவன் தன் பெயரில் கடையைத் திறந்தான். ஒரு மத்தியானத்தில் திறந்துவிட்டான். இங்கிருந்து பெட்டி பெட்டியாக அனுப்புகிறாள். அங்கிருந்து அது அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போகிறது. விற்பவர் ஊர் என்ற இடத்தில் சிங்கப்பூர் என்று இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு அவன் எடுத்துக்கொள்கிறான். கெட்டவன் அல்ல, தபால் செலவு, அலைச்சல் எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. "அத்தான் பேருல போவுது, போவட்டும் சித்தப்பா. விக்கிதுல்ல?" என்கிறாள் அவள். அவளுக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

அந்தத் தடையால் எது தடைப்பட்டது என்று சொல்லுங்கள். சரக்கு தடைப்படவில்லை. அதே கிண்ணம்தான் அதே அமெரிக்க வீட்டுக்குப் போகிறது. மோசடி தடைப்பட்டதா? கிண்ணத்தில் விரிசல் இருந்தால் இப்போதும் இருக்கும். தடைப்பட்டது அவளுடைய பெயர் ஒன்றுதான். அத்துடன் மூன்றில் ஒரு பங்குப் பணம். வரப்பு வழியாகத் தலைச்சுமையாக நெல் போன கதைதான் இது, என்ன, இதில் சாவடிக்காரன் முகத்தை நாம் பார்க்க முடியாது.

ஆட்சேபம் சொல்கிறவர்களின் கட்சியையும் கேட்க வேண்டும். சில தேசங்களிலிருந்து பொய்க் கடைகளும் திருட்டுச் சீட்டுகளும் அதிகமாக வருகின்றன. ஒவ்வொருவராகச் சோதித்துக் கொண்டிருந்தால் கட்டுபடியாகாது. ஆகவே தேசத்தையே மூடிவிடுகிறோம் என்கிறார்கள். மோசடி நடக்கவில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. நம்மவர்களில் அதற்கென்றே கூடம் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உலகறிந்த விஷயம். ஆனால் இந்த வாதத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் என்ன வருகிறது? 'உன்னைச் சோதித்துப் பார்க்கிற செலவுக்கு நீ தகுதியானவன் அல்ல' என்பதுதான் வருகிறது. இதைப் பாதுகாப்பு என்று சொல்லாமல் சிக்கனம் என்று சொல்லிவிட்டால் எனக்குப் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

எங்கள் ஊர்த் தேங்காய் மண்டியில் வந்து பாருங்கள். காங்கேயத்திலிருந்து முன்பின் தெரியாத வியாபாரி லாரியோடு வருவான். மண்டிக்காரர் அவனை எந்த ஊர் என்று கேட்பார், நிச்சயமாகக் கேட்பார். ஆனால் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு விரட்டுவதில்லை. முதல் லோடுக்குப் பணத்தைக் கையில் வைத்துவிட்டு ஏற்றிக்கொள் என்பார். இரண்டாவது லோடுக்குப் பாதி. ஆறு மாதம் நாணயமாக நடந்துகொண்டால், போன் பண்ணினாலே காய் ஏறும். ஏமாற்றிவிட்டுப் போனால் அவன் பெயர் எல்லா மண்டிக்கும் தெரிந்துவிடும். அவன் பெயர், அவனுடைய ஊரின் பெயர் அல்ல. காங்கேயத்தில் ஒருவன் ஏமாற்றினான் என்பதற்காகக் காங்கேயத்தையே மூடினால் எங்கள் காயை நாங்களேதான் தின்ன வேண்டும். கணக்குப் பிள்ளையும் ஒரு நோட்டுமாக இருக்கிற மண்டிக்காரரால் முடிகிற காரியம், கோடிக்கணக்கான ஜனங்கள் எந்தப் பொருளைப் பார்த்து எத்தனை விநாடி நின்றார்கள் என்று குறித்து வைத்திருக்கிற கம்பெனியால் முடியாதாம்!

தொகையைக் கொண்டு ஆபத்தை அளக்கலாம் என்பதற்கு நம் தேசத்திலேயே சரித்திரம் இருக்கிறது. 2010-ன் தொடக்கத்தில் பேபால் என்ற பணம் அனுப்பும் கம்பெனி, இந்தியாவில் தனி ஆட்களுக்குப் பணம் வருவதையும் போவதையும் திடுதிப்பென்று நிறுத்தியது. உள்ளூர் வங்கிக்கு எடுத்துக்கொள்வதுகூடச் சில வாரங்கள் நின்றது. இதில் கம்பெனி மட்டும் குற்றவாளி அல்ல. நம் ரிசர்வ் வங்கிக்கும் சந்தேகங்கள் இருந்தன. ஆனால் அதே வருஷம் நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு வழி சொல்லிற்று. சரக்குக்கும் ஊழியத்துக்கும் வருகிற பணமாக இருந்தால் ஒரு தடவைக்கு 500 டாலர் வரைக்கும் வரலாம் என்றது. 2011 அக்டோபரில் அதை 3,000 ஆக்கிற்று. 2013-ல் 10,000. கதவை முதலில் ஒரு விரல்கடை திறந்து, திருடன் வரவில்லை என்று பார்த்து, பிறகு ஒரு முழம் திறந்த கதை இது. 500 டாலருக்கு எங்கள் ஊர்ப் பெண் எத்தனை கிண்ணம் விற்கலாம்! அவளுக்கு அந்த ஒரு விரல்கடை போதும்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுடைய கதை இதைவிட மோசம். இலங்கையில் இருப்பவர்கள் அதே பேபால் மூலம் பணம் அனுப்பலாம், ஆனால் பெற முடியாது என்ற நிலைமை வருஷக்கணக்காக இருந்தது. இதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். கொடுக்கலாம், வாங்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒரு வாலிபன் படம் வரைந்து வெளிநாட்டானுக்கு விற்றால் காசு வராது. அவனே வெளிநாட்டானுடைய படத்தை வாங்கினால் காசு சுகமாகப் போய்ச் சேரும். அவன் திருடன் என்று நினைத்திருந்தால் அவனுடைய காசைத் தொடுவானேன்? வாங்குகிறவனாக வரும்போது யோக்கியனாக இருப்பவன் விற்கிறவனாக வரும்போது மட்டும் எப்படி அயோக்கியனாகிறான் என்பதை இந்தக் கம்பெனிகளின் பக்கம் பேசுகிறவர்கள் எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

இது புது ஞானமும் அல்ல. நம் சோழமண்டலக் கரையிலிருந்து சாயத்துணியும் அச்சுத்துணியும் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போன காலத்தில், 1700-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். 1721-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். இந்தியாவிலிருந்து வருகிற அச்சுத்துணியை அந்த நாட்டில் உடுத்தக்கூடாது. வெறும் வெள்ளைத் துணி வரலாமாம். அச்சுத்துணியையும் வாங்கி வேறு தேசங்களில் கொண்டுபோய் விற்கலாமாம். கைவேலைக்கு உரிய லாபம் மட்டும் நமக்கு வரக்கூடாது. அவர்களாவது தங்கள் நெசவாளிகளைக் காப்பாற்றுவதற்காக இதைச் செய்கிறோம் என்று பச்சையாகச் சொன்னார்கள்.

எனக்கும் இதில் ஒரு சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. என் நாவல்களில் ஒன்று மின்னூலாக இருக்கிறது. உலகம் முழுவதும் விற்கலாம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: 'உங்கள் புத்தகத்தை வாங்கப் போனேன், எனது நாட்டில் கிடையாது என்று வருகிறது.' மல்லிப்பட்டினத்துக் கடற்கரையில் நின்றுகொண்டு அந்தக் கடிதத்தைப் பற்றி யோசித்தேன். அங்கிருந்து யாழ்ப்பாணம், சென்னைக்குப் போகிற தூரத்தில் பாதிகூட இருக்காது. நான் எழுதிய தமிழை அவர் படிக்க இடையில் ஒரு கம்பெனியின் அட்டவணை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில் அவர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டார். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெல் மூட்டை போன வரப்பு வழிதான் என்று நினைக்கிறேன்.

சர்க்கார்கள் போடுகிற யுத்தத் தடைகள் வேறு சங்கதி, அதைக் கம்பெனிகள் மீற முடியாதே என்பார்கள். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். 2014-ல் ரஷ்யா கிரைமியாவைப் பிடித்துக்கொண்டது. அந்த டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா ஓர் ஆணை போட்டார். அடுத்த மாதமே பேபால், ஆப்பிள் போன்ற கம்பெனிகள் அங்கே தங்கள் காரியங்களை நிறுத்திவிட்டன. ஆணை இருக்கிறது, நிறுத்தினார்கள். யாருடைய ராணுவம் வந்தது என்பதில் வாக்கே இல்லாமல் போன ஜனங்களுக்குக் கடையும் இல்லாமல் போயிற்று என்பது பரிதாபம்தான். ஆனாலும் அதில் சட்டம் என்ன, போட்டது யார் என்றாவது தெரிகிறது. ஆனால் சட்டத்தை இயந்திரத்தின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் பார்த்தோம். ஸ்லாக் என்ற கம்பெனி, ஈரானில் இருப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு, கனடாவிலும் மற்ற தேசங்களிலும் குடியிருந்தவர்களின் கணக்குகளை மூடிவிட்டது. எப்போதோ ஊருக்குப் போய்த் தாய் தகப்பனைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. ஸ்லாக் விஷயத்தில் கூச்சல் போடப் பத்திரிகைகள் இருந்தன. கூச்சல் போடத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். கொட்டாங்கச்சிக் கிண்ணத்துக்காக எந்தப் பத்திரிகை கூச்சல் போடும்?

கடைக்காரன் இஷ்டம் என்ற வாதத்துக்கு இப்போது வருகிறேன். நம் அரசியல் சாசனத்தின் 15-வது விதி, இரண்டாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், இனம், ஜாதி, ஆண் பெண் என்ற பேதம், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தப் பிரஜையையும் கடைக்குள் வரக்கூடாது என்று தடுக்க முடியாது. கடை என்றே எழுதியிருக்கிறார்கள். பிறந்த இடம் என்றும் எழுதியிருக்கிறார்கள். டீக் கடையில் தனிக் கிளாஸ் வைத்த தேசம் இது; 'கடை என்னுடையது, என் இஷ்டம்' என்ற வாதத்தை அன்றைக்குச் சொன்னவர்கள் யார், எதற்காகச் சொன்னார்கள் என்று தெரிந்தவர்கள்தான் அந்தப் பிரிவை எழுதினார்கள். அது வெளிநாட்டுக் கம்பெனியைக் கட்டாது, விற்க வருகிறவனைப் பற்றி அது பேசவில்லை என்று வக்கீல்கள் சொல்வார்கள். சரி. கட்டாது. ஆனால் நியாயம் எது என்று நமக்குத் தெரியாமல் போய்விடவில்லையே!

ஐரோப்பியர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2018 டிசம்பர் 3 முதல் அவர்கள் யூனியனுக்குள் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வாங்க வருகிறவன் எந்த தேசத்தான், எங்கே குடியிருக்கிறான் என்பதைக் காரணம் காட்டித் தகுந்த நியாயமில்லாமல் எந்தக் கடையும் அவனை விலக்கக் கூடாது. அவர்களுக்குள்ளே அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. நாம் அந்த வேலிக்கு வெளியே. அதிலும்கூட மின்னூல்களை ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்பது எழுத்தாளர்களின் தலையெழுத்து போலும்.

நம் கையும் சுத்தமாக இல்லை. 2020 ஜூன் 29-ந் தேதி நம் சர்க்கார் சைனாவைச் சேர்ந்த 59 செயலிகளைத் தடை செய்தது. அவற்றில் கடைகளும் இருந்தன. அந்த நவம்பரில் அலி எக்ஸ்பிரஸ் என்ற பெரிய சந்தையும் மூடப்பட்டது. எல்லையில் நம் சிப்பாய்கள் இறந்த கோபத்தில் தேசமே கை தட்டிற்று. நானும் சைனாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்தக் கடைகளில் சரக்கு போட்டிருந்த ஏதோ ஒரு சைனாக் கிராமத்துப் பெண்ணும் அன்றைக்கு ஒரே வரியில் ஒரு பதிலைத்தான் படித்திருப்பாள் என்ற நினைப்பு எனக்கு வராமல் இல்லை. ஷீன் என்ற துணிக்கடை 2025-ல் ஒரு பெரிய இந்தியக் கம்பெனியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. பெரியவர்களுக்கு எப்போதும் ஓர் அத்தான் இருக்கிறான்.

இந்தக் கம்பெனிகளிடம் பேசுவது எப்படி என்று நம் சர்க்காருக்குத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 ஏப்ரலில், இங்கே கடை நடத்துகிற அயல்நாட்டு இணையச் சந்தைகளின் வரும்படியில் நூற்றுக்கு இரண்டு கொடு என்று வரி போட்டது. அமெரிக்கா முறைத்தது. பேச்சு வார்த்தைகள் நடந்தன. 2024 ஆகஸ்ட் 1 முதல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நூற்றுக்கு இரண்டை விட்டுக்கொடுக்கிற சமயத்தில் பதிலுக்கு ஒன்று கேட்டிருக்கலாமே: இந்தியனிடம் காசு வாங்கிக்கொண்டு பொருள் விற்கிற எந்தச் சந்தையும், நம் ஏற்றுமதி எண் வைத்திருக்கிற இந்தியனை விற்பதற்கும் அனுமதிக்க வேண்டும், முன்பணம் கேட்கட்டும், முதல் ஆறு மாதம் பணத்தைப் பிடித்து வைக்கட்டும், 500 டாலருக்கு மேல் போகாதே என்று சொல்லட்டும், முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, மேல்முறையீடு செய்ய ஒரு மனிதனுடைய விலாசத்தையும் கொடுக்கட்டும். இதைக் கேட்பதற்குப் புதிய சட்டசபை எதுவும் கூட வேண்டியதில்லை. அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் நடக்கிற ஒவ்வொரு வியாபாரப் பேச்சிலும் பால், கோதுமை, மோட்டார் கார் என்று சாமான் ஜாபிதா நீளமாக இருக்கிறது. அதில் இந்த ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லி வர்த்தக மந்திரியின் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணுடைய ஏற்றுமதி எண்ணின் நகலையும், கிண்ணத்தின் போட்டோ ஒன்றையும் கூடவே வைத்திருக்கிறேன்.